யாகப்பரின் லொறிக்கு ஒரு பார் லைற்

தூரத்துக்கு வெளிச்சம் அடிக்கும் நீளமான பார் லைற்றைப் பழைய சாரம் ஒன்றில் சுற்றி, லொறியின் சீற்றுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார் யாகப்பர். வாங்கி ஐந்து நாளாகியும் மனைவி மேரி ரோஸுக்கு அதைக் காட்டவில்லை. காட்டினால் எதற்கு என்று கேட்பாள். கேட்டால் உயிலங்குளத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டி வரும்.

நடந்தது இதுதான். மூன்று கிழமைக்கு முன், பேசாலையில் மீன் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்ட லொறி, பொழுதுபட்டுக் கொஞ்ச நேரத்தில் உயிலங்குளத்தைக் கடந்துகொண்டிருந்தது. வீதி வெறுமையாக இருந்தது. யாகப்பருக்கு அப்படித்தான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த உதவியாள் றோய் திடீரென்று, "அண்ணை, சைக்கிள்! சைக்கிள்!" என்று கத்தி, ஸ்ரியரிங்கை எட்டிப் பிடித்துத் திருப்பினான். லொறியின் பக்கக் கண்ணாடி எதையோ உரசிக்கொண்டு போனது. இறங்கி ஓடிப் பார்த்தபோது, சைக்கிளில் விறகுக் கட்டை வைத்து உருட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் வீதிக்கரை மணலில் குந்தியிருந்தாள். கண்ணாடி உரசியது விறகில். அவளுக்குக் கீறல்கூட இல்லை. ஆனாலும் எழும்பாமல், முழங்கால்களை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கட வாகனத்தில லைற் இல்லையோ?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு ஹெட்லைற்றும் எரிந்துகொண்டுதான் இருந்தன. ஆனாலும் அந்தக் கேள்வியை யாகப்பர் இறுகப் பிடித்துக்கொண்டார். ஓம், லைற்தான் பிழை. லைற்றின் கண்ணாடி மஞ்சளடித்துப் போய்விட்டது. லொறியின் சொந்தக்காரி, எருக்கலம்பிட்டி மீன் வியாபாரி ஸீனத்திடமும் அதையே சொன்னார். "தேவையானதை வாங்கிப் பூட்டுங்க அண்ணன்" என்றாள் அவள். அடுத்த நாள் வெறும் லொறியோடு மன்னார்ப் பாலத்தில் ஏறும்போது தனக்குள் ஒரு முடிவு எடுத்தார்: நல்ல லைற் ஒன்று பூட்டுவது, பூட்டிய பிறகும் வீதிக்கரையில் நிற்கிற ஆள் தெரியாவிட்டால் இனி ஸ்ரியரிங்கைத் தொடுவதில்லை. முடிவு எடுத்துவிட்டு, லைற் பூட்டும் வரைக்கும் ஓடிக்கொண்டுதான் இருந்தார். அந்த மூன்று கிழமையும் றோய் வழியில் கண் மூடவில்லை.

ஸ்ரியரிங்கை விட்டால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது? பதினாலு வயதில் அப்பா அவரைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். விடியப்புறம் வலை இழுக்கும்போது மிதவை எங்கே கிடக்கிறதென்று அவருக்குத் தெரியாது. வள்ளத்துக்குள்ளே கயிற்றில் தடுக்கி விழுவார். வீட்டிலும் இரவில் தண்ணீர்ப் பானையை உதைத்து உடைப்பார். "முட்டிமாடு" என்று சகோதரங்கள் கூப்பிட்டார்கள். கவனமில்லாதவன் என்று அப்பா அடித்தார். ஒரு வருசத்துக்குப் பிறகு, "இவன் கடலுக்குச் சரிவரான்" என்று சொல்லி, உப்பு ஏற்றும் உழவு இயந்திரக்காரர் ஒருவரிடம் கொண்டுபோய் விட்டார். அங்கே முதல் நாளே யாகப்பரின் கை கியரில் படிந்துவிட்டது. தன்னாலும் ஒரு வேலை பிழையில்லாமல் செய்ய முடியும் என்று அவருக்குத் தெரிந்த நாள் அது. இப்போது வயது ஐம்பது. இடையில் ஒரு நாளும் அவர் ஒரு நாய்க்குட்டியைக்கூட அடித்துப் போட்டதில்லை.

வயரிங் வேலைக்கு அவர் தெரிவு செய்தது மன்னார்த் தாராபுரத்துக்குப் போகிற வழியில், ஐஸ் போடும் பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருக்கும் சுபாஸ்கரனை. தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்தவன். திருச்சியில் லொறி வயரிங் பழகிவிட்டு, சண்டை முடிந்து மூன்றாம் வருசம் பெண்சாதி பிள்ளைகளோடு ஊர் திரும்பியவன். அவன் பூட்டிய வயர் எரிந்ததாக யாரும் சொன்னதில்லை.

பின்னேரம் நாலு மணிக்கு லொறியைக் கொண்டுபோய் நிறுத்தினார். ஏழு மணிக்குப் பேசாலையில் மீன் ஏற்ற வேண்டும்.

"மேல, கூரையில பூட்டுனா நல்லாத் தூரம் அடிக்குமே அண்ணே?" என்றான் சுபாஸ்கரன், சாரத்தைப் பிரித்துக்கொண்டு.

"மேல பூட்டினா மதவாச்சி போகுமட்டும் காணுற பொலிசுக்கெல்லாம் நிண்டு கதை சொல்ல வேணும். முன்பக்கக் கிறிலுக்குப் பின்னால பூட்டு. எரியாம நூத்திருந்தா அப்பிடி ஒரு சாமான் இருக்கிறதே தெரியப்படாது."

"லைற்ற ஒளிச்சு வைக்கச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

"உன்ர இந்தியாக் கதையை விட்டுட்டு வேலையைப் பார்."

"அங்க என்னைச் சிலோன்காரன்னாங்க. இங்க இந்தியாக்காரன் எண்டுறீங்க. நடுக்கடல்ல ஒரு கராஜ் போட்டாத்தான் எனக்குச் சரி."

"போடு. நாங்கள் வள்ளத்தில லொறியை ஏத்திக்கொண்டு வாறம்."

சிரித்துக்கொண்டே அவன் கிறிலைக் கழற்றினான். உள்பக்கத்தில், போன குருத்து ஞாயிறன்று மேரி ரோஸ் கட்டிவிட்ட ஓலைச் சிலுவை காய்ந்து மண்ணிறமாகக் கிடந்தது. சுபாஸ்கரன் கையை எண்ணெய்ச் சீலையில் துடைத்துவிட்டுத்தான் அதை அவிழ்த்தான். "இதை நீங்க வச்சிருங்கண்ணே" என்று நீட்டினான். யாகப்பர் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

ரேடியேற்றருக்கு முன்னால் நாலு விரல் அகலத்துக்கு இடம் இருந்தது. பார் லைற் காற்றை மறைத்தால் என்ஜின் சூடேறும் என்று அவன் அதைக் கீழே இறக்கி, வளைத்த இரண்டு இரும்புத் துண்டுகளில் றப்பர் வைத்து முறுக்கினான். பற்றரியிலிருந்து பியூஸ், பியூஸிலிருந்து றிலே, அங்கிருந்து ஒரு வயர் கபினுக்குள் சுவிச்சுக்கு. வயர் இரும்பில் தேய்கிற இடத்திலெல்லாம் குழாய் போட்டான். ஒவ்வொரு முறுக்கையும் யாகப்பர் பக்கத்தில் நின்று பார்த்தார். அவருக்கு மனம் கொஞ்சம் இலேசாகிக்கொண்டு வந்தது. இவ்வளவு ஒழுங்காகச் செய்கிற ஒரு வேலை தன்னைக் கைவிடாது என்று தோன்றியது.

கிறிலைத் திரும்பப் பூட்டி முடிக்கப் பொழுது மங்கி மைமல் ஆகிவிட்டது. வெளிச்சத்தைச் சரிபார்க்க அதுதான் நேரம். லொறியை ஐஸ் கட்டடத்துச் சுவருக்கு நேரே, இருபத்தைந்து அடி தள்ளி நிறுத்தினார்கள். சுபாஸ்கரன் சுவரில் சோக்குக் கட்டியால் குறுக்கே ஒரு கோடு இழுத்தான்.

"நீங்க சுவிச்சில இருங்கண்ணே. நான் ஓரமா நிண்டு கையைத் தூக்கினா நூருங்க. இறக்கினா போடுங்க. கோட்டுக்கு மேல போகாமப் பாக்கணும், இல்லாட்டி எதிர வாறவன் கண்ணில அடிக்கும்."

யாகப்பர் சுவிச்சை அமத்தினார். சுவர் வெள்ளை வெளேரென்று எழும்பி நின்றது. கிறிலின் சட்டங்கள் வெளிச்சத்தை வரிவரியாக வெட்டியிருந்தாலும், நடுவில் காரை பெயர்ந்த ஒவ்வொரு புள்ளியும், ஓடிய பல்லியும் தெரிந்தன. அவர் நெஞ்சு நிறைந்து மூச்சு விட்டார். இதுதான். இவ்வளவுதான் வேண்டியிருந்தது.

"அண்ணே, நூருங்கண்ணே!" என்று ஒரு சத்தம் வந்தது.

"கையைத் தூக்குறன் எண்டு சொல்லிப்போட்டு ஏன்ரா கத்துறாய்?"

"மூணு தரம் தூக்கிட்டன்!"

"எங்க நிக்கிறாய் நீ?"

"இந்தா, சுவருக்கு வலப்பக்கம். கழுதைக்குப் பக்கத்தில."

"எந்தக் கழுதை?"

காலடிச் சத்தம்தான் வந்தது. சுபாஸ்கரன் கதவடிக்கு வந்து, அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தான்.

"எல்லாத்தையும் நூருங்கண்ணே. ஹெட்லைற்றையும். கொஞ்சம் இருப்பம், கண் பழகட்டும்."

நூர்த்தார். இருந்தார்கள். வீதியில் ஒரு முச்சக்கரவண்டி போய், அதன் சத்தமும் அடங்கியது.

"இப்ப என்ன தெரியுது?"

"என்ன தெரியும்? இருட்டு."

"சுவர்?"

"லைற்ற நூத்துப்போட்டுச் சுவர் தெரியுதோ எண்டு கேக்கிறாய். ஆருக்கடா தெரியும்?"

"எனக்குத் தெரியுதண்ணே."

அவன் அதை மெதுவாகத்தான் சொன்னான். பிறகு, ஒரு நோயாளிக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னான். சுவர் தெரியுது. சோக்குக் கோடு தெரியுது. வலப்பக்கம் தாய்க் கழுதையும் குட்டியும் நிக்குது. இடப்பக்கம் என்ர மோட்டச்சைக்கிள். இன்னும் முழு இருட்டாகேல்லை அண்ணே, மேற்கில சிவப்புக்கூடப் போகேல்லை.

யாகப்பர் இறங்கினார். பொய் சொல்கிறான் என்று நினைத்தாரா, பொய்யாக இருக்கட்டும் என்று நினைத்தாரா என்பது அவருக்கே தெரியாது. கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார். சுவரின் குளிர் விரலில் பட்டது. சுவரைத் தடவிக்கொண்டு வலப்பக்கம் போனார். சட்டென்று உள்ளங்கையில் சொரசொரத்த மயிரும், அதற்குக் கீழே இளஞ்சூடும் தட்டுப்பட்டன. கழுதை மூச்சை ஊதிவிட்டு இரண்டு அடி விலகிப் போனது. குட்டி அதன் பின்னால் ஓடுவது காதில் கேட்டது.

அவர் சுவரோடு சாய்ந்து நின்றார்.

சண்டைக் காலத்தில் ஆமிக் காம்புக்குக் கிட்டப் போனால் அரைக் கட்டைத் தூரத்துக்கு முன்னாலேயே ஹெட்லைற்றை நூர்த்து, கபினுக்குள் சின்ன லைற்றைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போக வேண்டும். அந்த நேரம் அவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. உதவியாள் "இடப்பக்கம் வெட்டு, அண்ணை... இப்ப நேர..." என்று சொல்லிக்கொண்டே வருவான். எல்லா ட்ரைவர்மாரும் அப்படித்தான் போகிறார்கள் என்று அவர் நினைத்திருந்தார். ஊரில் கரண்ட் இல்லாத வருசங்களில் எல்லாரும் குப்பி விளக்கோடு தட்டுத்தடுமாறித்தானே நடந்தார்கள்? பிறகு சண்டை முடிந்தது, கரண்ட் வந்தது, தார் வீதி வந்தது. ஆனாலும் றோய் வாய் ஓயாமல், "கழுதை, இடப்பக்கம்", "மாடு, அண்ணை" என்று சொல்லிக்கொண்டுதான் வந்தான். உதவியாளின் வேலையே அதுதான் என்று யாகப்பர் இருந்துவிட்டார். மற்ற லொறிகளில் உதவியாள்கள் குறட்டை விட்டு நித்திரை கொள்வதைப் பார்த்து, பொறுப்பில்லாதவர்கள் என்று ஏசியும் இருக்கிறார்.

அப்படியென்றால் அப்பாவுக்கு அந்த மிதவை தெரிந்திருக்கிறது. வள்ளத்தில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. உயிலங்குளத்துப் பெண்ணைப்போல, அவருக்குத் தெரியாமலே இத்தனை வருசமாக வீதிக்கரையில் எத்தனை பேர் ஒதுங்கி வழிவிட்டிருப்பார்கள்? வந்தது பயமா வெட்கமா என்று அவரால் பிரிக்க முடியவில்லை.

"மாலைக்கண்ணா இருக்கும்" என்றான் சுபாஸ்கரன். "டொக்டரிட்டக் காட்டுங்கண்ணே. மருந்து ஏதும் இருக்கலாம்."

"இந்த லைற் காணாதோ? இன்னொண்டு, பக்கத்துக்கு அடிக்கிற மாதிரி?"

"லைற் போற இடம் மட்டும்தானே வெளிச்சம். அங்கால நிக்கிற ஆளைப் பாக்க அது போதாதண்ணே." கொஞ்சம் தயங்கினான். "நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

யாகப்பரின் போன் அடித்தது. றோய்.

"அண்ணை, ஐஸ் அடிச்சாச்சு. பெட்டியெல்லாம் கரையில கிடக்கு. எங்க நிக்கிறியள்?"

"வாறன்" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தச் சொல் அவரைக் கேளாமலே வந்தது. கால்களும் லொறிப் பக்கம் திரும்பி, கை கதவைத் தேடிப் பிடித்தது. சீற்றில் ஏறி இருந்தார். லொறித் திறப்பு சாவித் துவாரத்தில் இருந்தது. திருகினால் போதும். சுபாஸ்கரன் சொல்ல மாட்டான். றோய் பக்கத்தில் இருப்பான், கத்துவான். பேசாலைக்கு ஏழு கட்டைத் தூரம். நடுவீதி பகல்போலத் தெரியும். நாளைக்கு யோசிக்கலாம், நாளையின்றைக்கு டொக்டரிடம் போகலாம்.

விறகுக்காரி வீதிக்கரையில் குந்தியிருந்தது நினைவுக்கு வந்தது. அவளுடைய முகம் வரவில்லை. முழங்கால்களைச் சேர்த்துப் பிடித்திருந்த இரண்டு கைகள்தான் வந்தன.

அவர் ஸீனத் ராத்தாவுக்குப் போன் எடுத்தார்.

"ராத்தா, நான் யாகப்பர்."

"என்ன அண்ணன், லோட் ஏத்தியாச்சா?"

"இல்லை. இண்டைக்கு வேற ஆளைப் பாருங்கோ."

"காய்ச்சலா?"

"இல்லை." திறப்பை உருவி எடுத்தார். "எனக்கு இரவில கண் தெரியேல்லை."

அந்தப் பக்கம் பிள்ளைகள் ஓதுகிற சத்தம் கேட்டது. ஸீனத் எழும்பி வேறு இடத்துக்குப் போகிறாள் போலிருந்தது. ஒரு கதவு சாத்தப்பட்டது.

"எத்தனை நாளா?"

"சின்ன வயசிலயிருந்துதான் போல. ராத்தா, இருட்டு எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் எண்டு நினைச்சிருந்திட்டன்."

"யா அல்லாஹ்." அவளுடைய குரலில் கோபம் ஏறியது. "ஒன்பது வருசமா என்ட லொறியில..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். ஏசினால் நல்லது என்று இருந்தது அவருக்கு.

"வண்டி எங்க?"

"சுபாஸ்கரன்ட கராஜில."

"அங்கேயே விடுங்க. எங்கட மச்சான் வந்து எடுப்பார். நீங்க ஒரு அடி நகத்தக் கூடாது. விளங்குதா அண்ணன்?"

"விளங்குது."

"நாளைக்கு வீட்ட வாங்க, கதைப்பம். பகல்ல வாங்க" என்றாள். பகல் என்றதை அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. இரண்டு பேரும் போனை வைத்தார்கள்.

ஸீனத்தின் மச்சான் வர அரை மணித்தியாலம் ஆனது. யாகப்பர் அவருக்கு எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தார்: இரண்டாவது கியர் கொஞ்சம் இறுக்கம், பெட்டிக் கதவின் கொளுக்கியைத் தூக்கிப் பூட்ட வேண்டும், புது லைற்றின் சுவிச் இது, எதிரே வாகனம் வந்தால் நூர்க்க மறக்க வேண்டாம். கையால் தடவித் தடவிக் காட்டினார். லொறி பின்னுக்கு வந்து, திரும்பி, பேசாலைப் பக்கம் போனது. என்ஜின் சத்தம் தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டு நின்றார்.

"என்ர மோட்டச்சைக்கிள்ல கொண்டுபோய் விடுறன் அண்ணே. வீட்டில அக்காவுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"உயிலங்குளத்தில இருந்து தொடங்கிச் சொல்ல வேணும்" என்றார் யாகப்பர். பிறகு, இத்தனை வயதில் ஒருவரிடமும் கேட்டிராததைக் கேட்டார். "கையை ஒருக்காத் தா."

சுபாஸ்கரன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான். "முன்னால வயர்ச் சுருள் கிடக்கு. காலைத் தூக்கி வையுங்க. இன்னும் கொஞ்சம் உயர."

யாகப்பர் காலை உயர்த்தி வைத்தார்.