மேலேயுள்ள பன்னிரண்டு கட்டைகள்

நான் இருக்கும் கட்டடத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்கு இசை சட்டவிரோதமாகிவிடும். சுவிற்சர்லாந்தில், பேர்ன் நகருக்கு அருகே, மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். கீழே லிஃப்ட் வாசலில் 'ஹவுஸ்ஓர்ட்னுங்' என்ற வீட்டு விதிகளைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை எந்த வாத்தியமும் கூடாது. சரியென்று ஹெட்ஃபோன் போட்டுக் கீபோர்டை வாசித்தேன். கட்டைகள் டொக் டொக்கென்று தட்டுப்படும் சத்தம் கூரையால் இறங்குகிறதென்று கீழ்வீட்டு அம்மையார் வந்து மணியடித்தார். ஊரில், சண்டைக்காலத்தில், ஊரடங்கு தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்வரை நாலு ஸ்பீக்கர் கட்டி வாசித்தவனுக்கு வந்த காலத்தைப் பாருங்கள்.

வாத்தியக்காரர் என்றால் சின்ன வயதிலேயே இசையில் பித்துப் பிடித்தவர் என்று ஊரில் உள்ளவர்களும் நினைக்கிறார்கள், இங்குள்ளவர்களும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் பிடிக்கவில்லை. திருகோணமலை உட்துறைமுக வீதிக்குப் பக்கத்தில் ரேடியோ திருத்தும் கடையொன்றில் வேலை செய்தேன். ஒருநாள் செபஸ்தியான் அண்ணன் தன்னுடைய இசைக்குழுவின் கீபோர்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து வைத்தார். நடுக்கட்டைகள் ஊமையாகிக் கிடந்தன. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் றப்பரில் ஒரு கரிப்பொட்டு இருக்கும். அது தகட்டில் பட்டால்தான் ஒலி வரும். கடற்காற்றின் உப்பு அந்தப் பொட்டுகளைத் தின்றுவிட்டது. கொழும்பிலிருந்து புது றப்பர் வர அப்போது வழியில்லை. அதனால், அதிகம் கை போகாத வலப்பக்க மேல்கோடிப் பன்னிரண்டு கட்டைகளின் றப்பர் பட்டியைக் கழற்றி நடுவில் போட்டேன். நடு பேசியது, மேல்கோடி ஊமையானது. கெட்டுப்போன சாமானை எங்கள் ஊரில் அப்படித்தான் உயிரோடு வைத்திருந்தோம்.

சோதிக்காமல் சாமானைக் கொடுக்கக்கூடாது என்பது முதலாளியின் சட்டம். அண்ணன் மூன்று கிழமை வரவில்லை. நான் தினமும் சோதித்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒற்றை விரலால், பிறகு பாட்டுக்களாக, பிறகு கடைக்கு வந்தவர்கள் கேட்டதெல்லாம். அண்ணன் வந்தபோது முகம் செத்துக் கிடந்தது. வாசிக்கிற பையன் வெளிநாட்டுக்குப் போய்விட்டானாம். சனிக்கிழமை மூதூரில் கலியாணம். நான் வாசிப்பதைச் சற்று நேரம் நின்று கேட்டார்.

"திருத்தினது நீர்தானே? அப்ப வாசிக்கிறதும் நீர்தான்."

"எனக்கு ஏலாது அண்ணை."

"ஏலாதெண்டால் மாப்பிள்ளை வீட்டுக்கு நீரே போய்ச் சொல்லும்."

போய்ச் சொல்வதைவிட வாசிப்பது சுலபமாகத் தெரிந்தது. என் இசை வாழ்க்கை அவ்வளவுதான் தொடங்கியது. பதினொரு வருடம் அதே கீபோர்டில், கிண்ணியாவிலும் தோப்பூரிலும் புல்மோட்டையிலும், அம்மன் கோயிலிலும் மாதா பெருநாளிலும் வாசித்தேன். என் வலது கை மேலே ஏறும், ஊமைக் கட்டைகளின் எல்லையைத் தொட்டதும் தானாகத் திரும்பிவிடும். ஒரு பாட்டு மேலே போக அடம்பிடித்தால் அதை மடக்கிக் கீழே கொண்டுவந்து முடிப்பேன். சனம் அதைத்தான் என் பாணி என்றது.

இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் உணவகக் குசினியில் கோப்பை கழுவினேன், சனி ஞாயிறுகளில் நம்மவர் கொண்டாட்டங்களில் வாசித்தேன். ஓய்வுபெற்ற பிறகு, இவ்வூர்த் தேவாலயத்தில் ஞாயிறு ஆராதனைக்கு வாசிக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். எனக்கு அந்த இடம் வேண்டும். இந்த நாட்டில் ஒருதரமாவது என்னை வாத்தியக்காரனென்று கூப்பிட வேண்டும். அங்கே இசைக்குப் பொறுப்பான றெகூலா அம்மையார் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். நன்றாக இருக்கிறது, ஆனால் மேலே போகவே பயப்படுகிறீர்கள், எங்கே படித்தீர்கள் என்றார். திருத்துகிற கடையில் என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார். இரண்டு மாதம் பார்ப்போம் என்றார்.

ஏழாவது ஞாயிறு, ஆராதனைக்கு முக்கால் மணி இருக்கும்போது மின்பியானோவின் நடுவில் மூன்று கட்டைகள் ஊமை. கம்பெனி ஆள் செவ்வாய்க்கிழமைதான் வருவார், இன்றைக்கு வாத்தியமில்லாமல் பாடுவோம் என்று சொல்லிவிட்டு அம்மையார் போதகரிடம் போனார். நான் கோட்டுப் பைக்குள்ளிருந்து திருப்புளியை எடுத்தேன். அவர் திரும்பி வரும்போது மேல்கோடி றப்பர் நடுவுக்கு வந்துவிட்டது, கடைசி ஆணியை முறுக்கிக்கொண்டிருந்தேன். என் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். ஆனால் சனம் வந்து உட்கார்ந்துவிட்டதால் நான் வாசித்தேன், அவர்கள் பாடினார்கள்.

எல்லோரும் போன பிறகு அம்மையார், "நீங்கள் இதை உடைத்துவிட்டீர்கள்" என்றார்.

"திருத்தினேன்."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தால் வேண்டாமென்று சொல்லியிருப்பீர்கள்."

அவர் பியானோவின் மூடியை இறக்கினார். திறந்ததால் கம்பெனியின் உத்தரவாதம் போய்விட்டதென்று மட்டும் சொன்னார். வியாழக்கிழமை கடிதம் வந்தது: தேவாலயத்தின் எந்த வாத்தியத்தையும் இனித் திறக்கமாட்டேன் என்று கையெழுத்திட்டால் வேலை நிரந்தரம். பேனாவை எடுத்தேன், கை ஆசைப்பட்டது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கையெழுத்தைப் போட்டால் பதினொரு வருடமும் நான் உடைத்த ஒன்றில்தான் வாசித்துக்கொண்டிருந்தேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அடுத்த ஞாயிறு வெறுங்கையோடு போய்ப் பியானோவின் முன்னால் உட்கார்ந்தேன்.

கடிதம் எங்கே என்று அம்மையார் கேட்டார். வீட்டு மேசையில் என்றேன். கையெழுத்து? இல்லை என்றேன். அவர் திரும்பிச் சுவரருகே போனார். பிறகு சுவர்ப்பலகையில் அன்றைய பாடல் இலக்கங்களை ஒவ்வொன்றாக மாட்டத் தொடங்கினார். "முதற்பாட்டைக் கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள்" என்றார்.

கம்பெனி ஆள் வந்து புது றப்பர் போட்டுவிட்டார். மேல்கோடி இப்போது நன்றாகப் பேசுகிறது. என் கை மட்டும் இன்னமும் பழைய எல்லையில் திரும்பி வருகிறது. அதை நான் திருத்துவதாக இல்லை. வீட்டில் பன்னிரண்டு மணி அடித்ததும் கீபோர்டின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மேலேயுள்ள பன்னிரண்டு கட்டைகளில் மட்டும் வாசிக்கிறேன். மூதூரில் மடக்கிக் கீழே கொண்டுவந்த பாட்டுக்களெல்லாம் அங்கே ஒலியில்லாமல் மேலே ஏறுகின்றன. கீழ்வீட்டு அம்மையாருக்கு டொக் டொக்கென்று கேட்கும், வந்து மணியடிப்பார். அடிக்கட்டும். பாட்டு முடிந்த பிறகுதான் கதவைத் திறப்பேன்.