அம்மாவுக்கென்று பொறுக்கிய உப்பு பிஸ்கட்

எண்பதுகளின் கடைசியில் ஓசூரில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தெருவே என்னைப் பார்ப்பதாக நினைப்பு. வேப்பனப்பள்ளிப் பக்கத்து மாந்தோப்புகளில் கூலிவேலை செய்து என்னைப் படிக்கவைத்த அம்மாவை அப்போதுதான் என் வாடகை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தேன்.

வந்த சில மாதங்களில் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. டாக்டர் ஒரே நிமிடத்தில் சொல்லி அனுப்பினார். இனிப்பைத் தொடக்கூடாது, சோற்றைக் குறைக்கவேண்டும், மாத்திரையை விடக்கூடாது. நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்த சர்க்கரை டப்பாவைக் காலி செய்தேன், வாழைப்பழத்தைக்கூட நிறுத்தினேன். சோற்றைக் குறைத்தால் வயிறு சும்மா இருக்குமா? அதற்கும் என்னிடம் வழி இருந்தது.

சனிக்கிழமைதோறும் உடைந்த பிஸ்கட்டுகளைப் பை பையாகக் கட்டி எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள். எல்லா வகையும் கலந்து கிடக்கும். உடன் வேலை செய்த பெண்கள், தெலுங்கு பேசுகிறவர்களும் கன்னடம் பேசுகிறவர்களும், வட்டமாக உட்கார்ந்து அவரவர் பையிலிருந்து உப்பு பிஸ்கட்டை மட்டும் பொறுக்கி எனக்குக் கொடுப்பார்கள். என் பையிலிருந்த கிரீம் பிஸ்கட் அவர்கள் பிள்ளைகளுக்குப் போகும்.

"உங்கம்மாவுக்குச் சுகராச்சேக்கா. ஒரு இனிப்புத் துண்டுகூட கலக்காம பாத்துதான் போட்டிருக்கேன்" என்பாள் ஒருத்தி. நாக்கில் இனித்தால் சர்க்கரை, கரித்தால் சர்க்கரை இல்லை. மைதா மூட்டைகள் வந்து இறங்குவதைத் தினமும் பார்த்த நாங்கள் அத்தனை பேரும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினோம்.

நான் ஷிப்டுக்குப் போனபின் அம்மா சர்க்கரை போடாத டீயில் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிடுவாள், காலையிலும் மதியமும். ஒருமுறை மட்டும், "ரெண்டு உருண்டை ராகிக் களி கிண்டிக்கிறேனே கண்ணு. இது வயித்துல நிக்கவே மாட்டேங்குது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கம்பெனியில் வேலை பார்க்கிறவள் வீட்டில் கூலிக்காரர் தின்னும் களியா? "ஒடம்பு முடியாதவங்களுக்கு இதுதாம்மா லேசு" என்று வாயை அடைத்தேன். இதை நினைத்தால் என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

அடுத்த வருடம் அம்மாவின் கால் கட்டைவிரலில் செருப்பு கடித்துப் புண்ணானது. அது ஆறவே இல்லை, பாதம்வரை கறுத்துக்கொண்டே போனது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, கட்டிலருகே அம்மாவின் துணிப்பையில் இருந்த பிஸ்கட் பொட்டலம் பெரிய டாக்டரின் கண்ணில் பட்டது. எடுத்துப் பார்த்தவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"முழுக்க மைதாம்மா இது. உள்ள போனா சர்க்கரையாத்தான் மாறும். எத்தன நாளா சாப்பிடுறீங்க? யாரு வாங்கிக் குடுத்தது?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"நானேதான் சார் கடையில வாங்கித் தின்னேன். எம்பொண்ணு வேணாம் வேணாம்னுதான் சொல்லும். அதுக்குத் தெரியாம தின்னுட்டேன்."

வார்டில் அத்தனை பேர் முன்னால் அவர் அம்மாவைத் திட்டினார். நாக்கை அடக்கத் தெரியாதா, இப்போது காலையே எடுக்கும்படி ஆகிவிட்டதே என்றார். அம்மா திருடி அகப்பட்டவளைப்போலத் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். என்னிடம் மட்டும் குரலைத் தணித்து, "நீங்க என்னம்மா பண்ணுவீங்க, பாவம்" என்றார். நான் வாயே திறக்கவில்லை. பயம் என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன். பயமில்லை, வெட்கம்.

அவர் போனபின் கேஸ் தாளை எடுத்துப் படித்தேன். சொன்ன பத்தியத்தை நோயாளி கடைப்பிடிக்கவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"இன்னா கண்ணு எழுதியிருக்காரு?"

"மாத்திரை பேரும்மா."

"உம்மேல ஒண்ணும் எழுதலையே?"

"இல்லம்மா."

"அது போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் காலையில் அவளுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.