சுண்ணாம்புக்கு அடியில் இருந்த பெயர்

போன வெள்ளிக்கிழமை சிலிம் ரிவர் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. புந்தோங்கில் என் பக்கத்து வீட்டு சரோஜா அக்காவின் அம்மா அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார். நிலம் கை மாறிவிட்டது. வீடுகள் கட்டப் போகிறார்கள். கல்லில் பெயர் தெளிவாகத் தெரியும் படத்தோடு உறவினர் மனுக் கொடுத்தால், எடுக்கும் எலும்புகளுக்குத் தனிக்குழி. இல்லாவிட்டால் எல்லாருக்கும் ஒரே குழி. கெடு இந்த மாதக் கடைசி. அறிவிப்பு மலாயில் மட்டும், காவலர் கொட்டகையில் ஒட்டியிருந்தது. மூன்று தலைமுறை பால்மரம் சீவியவர்களுக்குத் தமிழில் ஒரு வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

அக்கா மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்கிறார். கிடைத்தது ஒரு நாள் விடுப்பு. காலை 6.15க்குக் கிளம்பினோம். பழைய சாலை வழியே 105 கிலோமீட்டர், டோல் கிடையாது. தாப்பாவில் காலைச் சாப்பாடு: இருவருக்கும் ரொட்டி சானாய், தே தாரிக் தேநீர், செலவு 8 வெள்ளி 40 சென். சிலிம் ரிவரிலிருந்து 7 கிலோமீட்டர் மண் சாலை. மழை நாளில் சின்னக் கார் போகாது. 8.50க்குத் தோட்ட வாசலில் நின்றோம்.

கேமரா போகலாம், அதை நிறுத்தும் முக்காலி கூடாது என்றார் காவலர். மேலிடத்து உத்தரவாம். சண்டை போட்டேன். முக்காலி கொட்டகையிலேயே தங்கிவிட்டது.

இடுகாடு இப்போது ரப்பருக்குப் பதில் நட்ட எண்ணெய்ச் செம்பனை நிழலில் கிடக்கிறது. யாரும் எட்டிப் பார்க்காத கல்லறைகளில் பெயர் நன்றாகவே தெரிந்தது. தீபாவளிக்குத் தீபாவளி சுண்ணாம்பு அடித்துப் பராமரித்தவற்றில்தான் எழுத்துப் பள்ளமெல்லாம் தூர்ந்து, கல் வழுவழுவென்று இருந்தது.

"வருசா வருசம் நாந்தான் அடிச்சேன் தம்பி. அம்மா பேர நானே மூடிட்டேன் பாரு."

நகத்தால் சுரண்டினார். சுண்ணாம்போடு சிமெண்டும் ஓர் எழுத்தின் வாலும் பெயர்ந்து வந்தன. கையை எடுத்துக்கொண்டார்.

குடையை விரித்து இருட்டாக்கி, கைப்பேசி விளக்கைக் கல்லின் ஓரத்தில் படுக்கவைத்துப் பிடிக்கச் சொன்னேன். பக்கவாட்டில் ஒளி விழுந்ததும் பள்ளங்களில் நிழல் எழுந்தது. ஆனால் அந்த வெளிச்சத்துக்கு ஷட்டர் ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்காவது திறந்திருக்க வேண்டும். முதல் பன்னிரண்டு படங்களும் கலங்கல்.

"ஒனக்குக் கை ஆடுது லா. அந்தக் காவக்காரன அப்பறம் திட்டிக்கலாம், மொதல்ல மூச்ச விடு."

தரையில் உட்கார்ந்து முழங்கால்களை மடக்கினேன். முட்டியின் எலும்பில் முழங்கையை வைத்தால் வழுக்கும். அதற்குச் சற்று உள்ளே, சதையில் ஊன்றினேன். இடது கை லென்சுக்கு அடியில். கழுத்துப் பட்டை விறைக்கும்வரை கேமராவை முன்னே தள்ளி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பொத்தானை மெல்ல அழுத்தியபடி தொடர்ச்சியாக மூன்று படங்கள். முதலும் கடைசியும் ஆடின. நடுவில் இருந்ததைத் திரையில் பெரிதாக்கினேன்: பாப்பாத்தி. அக்கா பக்கத்துக் கற்களைக் காட்டினார்.

"பக்கத்துல இருக்கறவங்களையும் எடுத்துரு. அவங்க புள்ளைங்க எங்க இருக்கோ."

சுண்ணாம்பு அடித்த இன்னும் மூன்று கற்களை எடுத்தேன்.

சிலிம் ரிவரில் மனு வாங்கும் அலுவலகத்துக்கு 11.40க்கு வந்தோம், வெள்ளிக்கிழமை தொழுகைக்காக 12.15க்கு மூடிவிடுவார்கள். எழுத்தரும் தமிழர்தான். அம்மாவின் படத்தைப் பெரிதாக்கிப் படித்து மனுவில் முத்திரை குத்தினார். மற்ற மூன்றுக்கும் உறவு என்ன என்று கேட்டார்.

"ஒரே லயத்துல, வரிசை வீட்டுல பொறந்து வளந்தோம்ணே. அது பத்தாதா?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. மூன்று மனுக்களையும் திருப்பித் தந்துவிட்டார்.

இப்படி ஒரு கல்லறை உங்களுக்கும் இருந்தால் இந்த வாரமே போங்கள். குடை, விளக்கு, துணைக்கு ஓர் ஆள் வேண்டும். எதையும் சுரண்டாதீர்கள். படத்தை அங்கேயே பெரிதாக்கிப் பாருங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இன்னொரு நாள் விடுப்பு யார் தருவார்கள்?

அந்த மூன்று கற்கள்: முனியாண்டி த/பெ கருப்பன். அஞ்சலை க/பெ வீரன். உங்கள் வீட்டு ஆள் என்றால் உடனே மனுக் கொடுங்கள், படம் நான் தருகிறேன். மூன்றாவதில் 'அம்மாள்' என்று மட்டும்தான் தெரிகிறது. பதினெட்டு முறை எடுத்தேன், ஒன்றுகூட ஆடவில்லை. அதற்கு மேல் கல்லில் இல்லை.