ஒன்பதாம் எண் அறையைப் பெருக்கியவள்

நானூறு வருடத்துப் பல்கலைக்கழகம். ஊரே அதைச் சுற்றித்தான். மணிக்கூண்டு, தேய்ந்த கல்படிகள், புத்தகங்களைச் சங்கிலி போட்டு வைத்திருக்கும் நூலகம் என்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தவர்கள், கடைசியில் வந்து நிற்பது மூன்றாம் முற்றத்து ஒன்பதாம் எண் அறையில். அங்கே தங்கிப் படித்தவர் பின்னால் பெரிய மேதையாகிவிட்டார். அவர் மேசை, அவர் கட்டில் என்று கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். கட்டில் பக்கத்து விடுதியிலிருந்து தூக்கி வந்தது. தூக்கியவர்களில் வாளியக்காவும் ஒருத்தி.

முப்பத்தெட்டு வருடமாக அந்த முற்றத்தைப் பெருக்கித் துடைப்பவள் அவள். எந்நேரமும் வாளியும் கையுமாகத் திரிந்ததால் மாணவர்கள் வைத்த பெயர். மேதை என்ன மேதை, ஈரத்துணியைக் கட்டிலுக்கடியில் சுருட்டிப் போட்டுவிட்டு, அறை நாறுகிறது என்று அவளையே அதட்டிய ஆள். அவர் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது எட்டு நாள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டதும் அவள்தான். எழுந்த பிறகு ஒரு வார்த்தை சொல்லவில்லை, மனிதர்.

பிற்பாடு அதைத் தன்வரலாற்றில் பத்துப் பக்கம் உருகி எழுதினார். தன்னைப் பிழைக்க வைத்துவிட்டு அதே காய்ச்சலில் அந்தப் புண்ணியவதி போய்ச் சேர்ந்தாள் என்று முடித்திருந்தார். கதைக்கு ஒரு சாவு தேவைப்பட்டது போலிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கி அறைச் சுவரில் மாட்டினார்கள். படித்து அழுதவர்கள் மூக்கைச் சிந்திப் போட்ட காகிதங்களை வாளியக்கா பொறுக்கினாள்.

"எல்லாம் சரிங்க, செத்தது மட்டும் தப்பு," என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"அந்த இடத்துலதான்க்கா எல்லாரும் அழறாங்க. விடுங்க," என்றார் அவர்.

விட்டுவிட்டாள். ஆனால் நூலகத்துக்குப் பின்னால் அவளும் படுத்த படுக்கையான கணவனும் இருந்த ஒற்றை அறையை, பார்க்க வருகிறவர்களுக்கு டிக்கெட் கொடுக்க எடுத்துக்கொள்வதாக நோட்டீஸ் வந்தது. முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் கடைசிவரை இடம் உண்டாம். பழைய வருகைப் பதிவேடுகளைக் கரையான் தின்றுவிட்டது. அந்தக் காலத்தில் அவள் இருந்தாள் என்று சொல்ல மிஞ்சியவர் மேதை ஒருவர்தான். இறந்துபோன புண்ணியவதிக்கு அறை வாசலில் கல் வைக்க, இடம் பார்க்க அவரே வருகிறார் என்றதும் அவளுக்கு உயிர் வந்தது.

கூட்டம் புடைசூழ வந்தார். வாசலில் நின்றவளைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. முகம் வெளுத்ததை அவள் கண்ணால் கண்டாள். அதற்குள் மேற்பார்வையாளர், கல்லில் பொறிக்க அந்த அம்மாவின் பெயர் வேண்டும் என்றார். மேதைக்குத் தெரியவில்லை. என்றைக்குக் கேட்டார், தெரிவதற்கு? அவளிடமே திரும்பினார்.

"நீங்க இங்க பழைய ஆள் மாதிரி தெரியுது. அவங்க பேர் ஞாபகம் இருக்கா?"

என்ன நெஞ்சழுத்தம். கேட்ட பிறகாவது கூசிப்போய் உண்மையைச் சொல்வார் என்று நினைத்து, அவர் கண்ணைப் பார்த்தபடி தன் முழுப் பெயரையும் சொன்னாள்.

"ஆமா, அதேதான். பாவம், நல்ல மனுஷி," என்றார் அவர்.

மேற்பார்வையாளர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

கல் வைத்த மறுவாரம் மனுவோடு அலுவலகத்துக்குப் போனாள். புதிதாக வந்த அதிகாரி பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இவங்க செத்து எத்தனையோ வருஷம் ஆச்சேம்மா. கல்லுலயே இருக்கு. செத்தவங்க பேரைச் சொல்லி இடம் கேக்கலாமா?"

பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளரைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கணவனை நாற்காலியில் உட்கார்த்தி வெளியே இழுத்து வந்த அன்று, நடைபாதையில் ஒரு கூட்டம் காத்திருந்தது. கல்லுக்குப் பூ வைக்கப் போகிறவர்கள். கொஞ்சம் வழிவிடச் சொன்னார்கள். விட்டாள்.