மீன்கூடை வரிசையில் பவுனம்மாள்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலத்தில், அங்கே ஒரு ஒல்லாந்து வியாபாரி வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தாள் பவுனம்மாள். வயது நாற்பத்தைந்து. நல்ல கனத்த உடம்பு. கிணற்றடியிலிருந்து அடுப்படிக்குத் தண்ணீர்க் குடத்தோடு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. துரை வீட்டில் மிச்சமாகும் ரொட்டியையும் வெண்ணெயையும் கீழே கொட்ட அவளுக்கு மனசு வந்ததில்லை. அந்த நல்ல மனசுதான் இருபது வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இடுப்பில் வந்து சேர்ந்திருந்தது.

இப்படிப்பட்டவள் ஓடப் பழகினாள் என்றால் நம்புவதற்குக் கஷ்டம்தான். ஊரும் நம்பவில்லை.

அவள் புருஷன் செத்து வெகு காலம் ஆகிவிட்டது. இருப்பது ஒரே மகள், தெய்வநாயகி. மீஞ்சூருக்கு இந்தப் பக்கம் நெல் விளையும் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகளுக்கு முதல் பிள்ளை வயிற்றில் தங்கியது. ஏழாம் மாதத்தில் தாய்வீட்டிலிருந்து ஆள் வந்து வாசலில் நின்று, "எங்க பொண்ணைக் கூட்டிக்கினு போறோம்" என்று கேட்டு அழைத்துப்போக வேண்டும். கேட்க ஆள் வராத பெண்ணை அந்த ஊரில் அனுப்பமாட்டார்கள். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் வண்டி போகாது. சதுப்பில் சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிவிடும். பவுனம்மாள் நடந்தே புறப்பட்டாள். உப்பளத்தைத் தாண்டுவதற்குள் நெஞ்சு அடைத்து, கண் இருட்டி, வரப்பில் விழுந்தாள். உப்பளக் காவல்காரர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டார்கள்.

தெய்வநாயகி அங்கேயே பெற்றாள். பிள்ளை மூன்றாம் நாள் போய்விட்டது. பக்கத்தில் தன் மனுஷி என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. அதற்குப் பிறகு மகளிடமிருந்து ஒரு சேதியும் வந்ததில்லை. அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று பவுனம்மாளே நினைத்தாள்; பாதை காய்ந்த பிறகும் வண்டி கட்டிப் போய் அவள் முகத்தில் விழிக்கத் துணியவில்லை. அதுதான் அவளைத் தின்றது.

அது நடந்து இரண்டு வருஷம் கழித்து, புரட்டாசியில், வீட்டுக் கொல்லைப்புறம் மீன் கொண்டுவந்த முனியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"உம் பொண்ணு முழுவாம கீது. மூணு மாசமாம். சந்தையில பேசிக்கினாங்க."

முனியம்மாள் மீனவக் குப்பத்துக்காரி. விடியும்போது ஏரியிலிருந்து படகு வந்ததும், மடவையும் இறாலும் கூடையில் அள்ளி, ஈர வைக்கோல் போட்டு மூடி, மீஞ்சூர்ச் சந்தைக்குக் கொண்டுபோகும் பதினோரு பெண்களில் முன்னால் போகிறவள் அவள்தான். அவர்கள் போவதை நடை என்று சொல்ல முடியாது, ஓட்டம் என்றும் சொல்ல முடியாது. வெயில் ஏறினால் மீன் கெட்டுவிடும் என்பதால் பிறந்த ஒரு குதிநடை அது. தலையில் கூடை, ஒருத்தி பின்னால் ஒருத்தி, தப்பு தப்பு என்று ஒரே சத்தமாகக் காலடி விழும்.

பவுனம்மாள் விரல் விட்டு எண்ணினாள். ஏழாம் மாதம் தையில் வந்தது. வண்டிப் பாதை காய மாசி பங்குனி ஆகும்.

"முனிம்மா, நானும் உங்ககூட வர்றேன். தினம் கொஞ்ச தூரம். தைக்குள்ள அங்க போய்ச் சேர்ற அளவுக்குக் காலைப் பழக்கிக்கிறேன்."

முனியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். சிரிக்கவில்லை, அது பெரிய விஷயம். "வா. ஆனா வரிசை நிக்காது, சொல்லிட்டேன். நீ வுழுந்தாலும் நிக்காது. மீனு காத்துக்கினு கெடக்காது."

மறுநாள் விடியலில் பவுனம்மாள் வந்து நின்ற கோலத்தைப் பார்த்துக் குப்பமே கூடிவிட்டது. காலில் துரையின் பழைய மரச்செருப்பு! கடல் தாண்டி வந்த மனுஷர்களுக்கு நடக்கத் தெரியாமலா இருக்கும் என்பது அவள் கணக்கு. முதல் சேற்றிலேயே இரண்டு செருப்பும் இரண்டு தோணி மாதிரி நின்றுவிட்டன, அவள் மட்டும் முன்னால் போய்விட்டாள். பிடுங்கி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினாள். ஒற்றைப் பனை வரைக்கும்தான். அங்கே வாயைத் திறந்தபடி உட்கார்ந்துவிட்டாள். வரிசை சின்னதாகி, புள்ளியாகி, மறைந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே சமைத்தாள். துரைசானி என்ன என்று கேட்டதற்கு, வாயு என்றாள்.

ஆனாலும் மறுநாள் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். ஒற்றைப் பனையில் விழுந்தவள் பத்து நாள் கழித்து முள்ளுக்காட்டில் விழுந்தாள். பிறகு வாய்க்கால் மேட்டில். ஐப்பசி பிறந்தபோது உப்பளம் வந்தது, ஓட்டம் அங்கேயே நின்றும் போனது. அந்த வரப்பைக் கண்டாலே அவளுக்குக் கால் பின்னிக்கொண்டது. நெஞ்சு முன்கூட்டியே அடைத்தது. ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் நின்று, வரிசை போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். ஊரில் அவளை "உப்பளத்தா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். திரும்புகிற வழியில் ஏரியைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். அந்த நேரத்தில் ஏரிக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு இருக்காது. படகுகள் வானத்தில் மிதப்பதா தண்ணீரில் மிதப்பதா என்று தெரியாது. தனக்கும் அப்படித்தான், போய்க்கொண்டிருக்கிறோமா நின்றுகொண்டிருக்கிறோமா என்று விளங்கவில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

ஒருநாள் செசிலியாவுக்குக் காய்ச்சல். வரிசையில் மூன்றாவதாக ஓடுகிறவள். அவள் கூடை தரையில் கிடந்தது. முனியம்மாள் அதைத் தூக்கினாள். சும்மாட்டுத் துணியைச் சுருட்டிப் பவுனம்மாள் தலையில் வைத்து, அதன்மேல் கூடையை ஏற்றிவிட்டாள்.

"ஐயோ! வெறுங்கையோடவே முடியல, இதை வேற தூக்கிக்கினா?"

"வெறுங்கையோட ஓடுறதாலதான் முடியல. நீ காலைப் பாத்துக்கினே ஓடுறே. கூடை தலையில கீதுன்னா குனிய முடியாது. தூரமாப் பாரு."

உண்மைதான். இத்தனை நாளும் அவள் தன் பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டு ஓடியிருந்தாள். இது எப்போது நிற்கும், இது எப்போது தடுக்கும் என்று. இப்போது கழுத்து நேரானது. முதுகு தானாக நிமிர்ந்தது. மார்பு விரிந்து மூச்சு அடிவயிறு வரைக்கும் இறங்கியது. முன்னால் போகிறவளின் காலடி எங்கே விழுகிறதோ அந்தத் தாளத்தில் இவள் காலும் விழுந்தது. தலைமேல் மடவை மீன்கள் குளிர்ச்சியாகக் கிடந்தன. காதோரம் வைக்கோல் தண்ணீர் சொட்டியது.

உப்பளம் எப்போது போனது என்று அவளுக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்க முடியாதே, கூடை விழுந்துவிடும். "உப்பளம் தாண்டியாச்சா?" என்று கத்தினாள். "அது எப்பவோ போச்சு!" என்று முன்னாலிருந்து பதில் வந்தது. அன்றைக்குக் கல் மண்டபம் வரைக்கும் ஓடினாள். அங்கே கூடையை வேறொருத்தி வாங்கிக்கொண்டு, இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அவளுக்கென்று ஒரு சின்னக் கூடை வந்தது. மழை கொட்டிய கார்த்திகையிலும் அவள் விடவில்லை. மழையில் ஓடுவது ஒரு சுகம் என்று கண்டுபிடித்தாள். வேர்வை எது, மழை எது என்று கேட்பாரில்லை. ஒரு இடத்துக்கு மேல் கால் வலி போய்விடும். கால் இருக்கிற நினைப்பே போய்விடும். உடம்பு ஒரு பக்கம் ஓட, மனசு அதன்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வரும். சதுப்பில் பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்றுகொண்டே தூங்கின. பனி விலகும்போது அவை மட்டும் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்பதுபோலத் தெரியும். எதுவுமே நிஜமில்லை என்று தோன்றும். அப்போது அவளுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கும். அடுத்த நிமிஷமே, மகள் அங்கே என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாளோ, எனக்கு என்ன சந்தோஷம் வேண்டிக்கிடக்கிறது என்று தன்மேலேயே கோபம் வரும். இரண்டும் மாறி மாறி வந்தன. கால் மட்டும் நிற்கவில்லை.

இடுப்பு கரைந்தது. சேலையை இரண்டு சுற்றுக் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது. வெயிலும் உப்புக்காற்றும் முகத்தைக் கறுக்க வைத்தன. துரைசானி ஒருநாள் அவளை உற்றுப் பார்த்து, வேறு சமையல்காரி வந்துவிட்டாளோ என்கிறமாதிரி விழித்தாள்.

தை பிறந்து ஐந்தாம் நாள், துரைசானியிடம் சொல்லிவிட்டுப் பவுனம்மாள் புறப்பட்டாள். அதுவரை அவள் போன தூரம் ஓடைக்கரை. அதற்கு அப்பால் வண்டியில் போயிருக்கிறாளே தவிர, அவள் கால் பட்டதில்லை. அன்றைக்குப் பனி அடர்த்தி. முன்னால் ஓடுகிறவளின் முதுகு மட்டும் தெரியும், அதற்கு முன்னால் வெள்ளை. தன் சின்னக் கூடையோடு கடைசி ஆளாக ஓடினாள். உப்பளம், மண்டபம், ஓடை. ஓடையில் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஏறியதும், இனிமேல் எல்லாம் புதுத் தரை என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நிலத்தின் வாசனை மாறியது. உப்பு போய், அறுத்த நெல்தாளின் வாசனை வந்தது. மகள் வீட்டு வாசலில் போய் நின்று என்ன சொல்வது என்று யோசித்தாள். "போ" என்று சொல்லிவிட்டால்? முதலில் கேட்பது மாமியாரிடமா, மகளிடமா?

ஒரு ஏரிக்கரைமேல் வரிசை ஏறியது. முன்னால் பனிக்குள் யாரோ பேசும் சத்தம். முனியம்மாளின் குரல், "கடைசியில வர்றா பாரு, அவளைக் கேளு." கொஞ்சம் தள்ளி செசிலியா, சிரிப்போடு, "என்னை இன்னாத்துக்குக் கேக்குறே? பின்னாடி வர்றவளைக் கேளு." அப்புறம் இன்னொருத்தி, இன்னொருத்தி, எல்லாரும் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு ஓடினார்கள். தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று பவுனம்மாளுக்குச் சுருக்கென்றது. இந்த நாளிலாவது சும்மா இருக்கக்கூடாதா இவர்கள்?

கரையோரம் ஒரு மரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெரிய வயிறு. பக்கத்தில் ஒரு துணி மூட்டை. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"கூடைக்காரம்மா, எல்லாரும் உங்களைத்தான் கேக்கச் சொல்றாங்க. பழவேற்காட்டுக்காரங்கதானே நீங்க? ஒல்லாந்தர் வீட்டுல சமைக்குற பவுனம்மாளைத் தெரியுமா? நீங்க திரும்பிப் போறப்ப அவங்களைப் பொறப்பட வேணாம்னு சொல்லிடுங்க. போன தரம் பாதி வழியில வுழுந்துட்டாங்களாம், எனக்குப் போன மாசந்தான் தெரியும். அவங்களால முடியாது. நானே வந்துனு கீறேன்னு சொல்லுங்க."

குரலைக் கேட்டதுமே பவுனம்மாளுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. முன்னால் வரிசை பனிக்குள் போய்விட்டது. தலைக் கூடையை இரண்டு கையாலும் பிடித்து இறக்கித் தரையில் வைத்தாள். நிமிர்ந்தாள்.

தெய்வநாயகி அவள் முகத்தைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள், சேறு அப்பிய பாதத்தைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா?"

"ஆமாண்டி."

"நடந்தா வந்தே?"

"ஓடி வந்தேன்."

மகள் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மீன் தண்ணீர் வழிந்த தோள். வயிற்றுக்குள் இருந்தது ஒருமுறை உதைத்தது. அது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"வூட்ல சொல்லாம வந்துட்டேம்மா. கேக்க ஆளு வரலேன்னா அனுப்பமாட்டோம்னாங்க. வா, இப்படியே திரும்பிடலாம். இங்கருந்து எங்க ஊரு இன்னும் ரொம்ப தூரம்."

பவுனம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"திரும்புறதா? நான் வந்தேன்னு உங்க ஊரு பாக்க வேணாமா? அந்த வாசல்ல போய் நின்னு, எம் பொண்ணைக் கூட்டிக்கினு போறேன்னு நான் வாயால கேக்கணும். ரெண்டு நாள் தங்கி, உன்னை நிதானமா நடத்திக் கூட்டியாறேன். ரொம்ப தூரமாம், தூரம்! பிடி, கூடையைத் தூக்கிவுடு."

தெய்வநாயகி குனிய முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூடையில் கை கொடுத்தாள். பவுனம்மாள் அதைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். மூட்டையை மகளிடமிருந்து பிடுங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். ஏரிக்கரைமேல் மீஞ்சூர்ப் பக்கம் பார்த்துக் காலை வைத்தாள். கழுத்து நேராக, கண் தூரத்தில். நாலு மாதப் பழக்கம், கால் தன் போக்கில் போக ஆரம்பித்துவிட்டது. பனி மெல்லக் கலைந்து, வயல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

பத்துப் பதினைந்து அடி போயிருப்பாள். பின்னாலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, கொஞ்சம் மெதுவாப் போயேன்!"

இதைத் தன்னைப் பார்த்து ஒருத்தி சொல்லும் நாள் வரும் என்று பவுனம்மாள் கனவில்கூட நினைத்ததில்லை. கூடையோடு அப்படியே நின்றாள். சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், அழுகை வந்துவிட்டது.