கானுக்கு மேல் நின்ற கார்

சீமைக்கே திரும்பிப் போன ஒரு தோட்டத் துரையிடமிருந்து என் கணவர் அந்தப் பழைய காரை வாங்கினார். நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் அவர்; நான் தோட்டப் பள்ளிக்கூட டீச்சர். இறக்கத்தில் கார் பறக்கும். ஏற்றம் வந்தால் இரைச்சல் மட்டும்தான், நகராது. நான் இறங்கித் தள்ளுவேன்.

லொறி ஓட்டும் என் அண்ணன் வந்து பார்த்தார். "கிளச் பிளேட் தேஞ்சிருச்சு மச்சான். கியர் பாக்ஸைக் கழட்டினாத்தான் மாத்தலாம்."

"ஹட்டன் கராஜுக்குக் கொண்டு போவமா?"

"அதுவரைக்கும் தங்கச்சி தள்ளுவாளா?"

ஆக, வீட்டிலேயே கழற்றினோம். வாசலில் மழைத்தண்ணீர் ஓடும் ஆழமான கான் இருந்தது. சக்கரங்கள் அதன் இரு பக்கமும் நிற்கும்படி காரை நிறுத்திக் கல் வைத்தோம். அண்ணன் கானுக்குள் சாக்கு விரித்துப் படுத்தார். எண்ணெயை வடித்தார், பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டைக் கழற்றினார், எஞ்சினுக்கு முட்டுக் கொடுத்தார். மேலே நாங்கள் சீட்டுகளை எடுத்து, கியர் கம்பியையும் தரைத் தகட்டையும் கழற்றினோம். கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் தடித்த படங்குத் துணி ஒன்றை அந்த ஓட்டை வழியாக இறக்கி, கியர் பாக்ஸுக்கு அடியில் கொடுத்து, முனைகளை அலவாங்கு என்னும் கடப்பாரைக் கம்பியில் முடிந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். ஓட்டைக்குள் அண்ணனின் மூக்கு மட்டும் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு.

"சிரிக்காம இறுக்கிப் புடி!"

கடைசி போல்ட்டும் கழன்றது. கியர் பாக்ஸ் பாதி வந்து சிக்கிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து மேல்மலையில் மழை. கானில் தண்ணீர் இறங்கிவிட்டது.

"அண்ணே, வெளிய வந்துருங்க!"

"விட்டா கிளச்சுக்குள்ள போற ஷாஃப்ட் வளைஞ்சிரும். தூக்குங்க, இன்னும் கொஞ்சம்!"

தண்ணீர் அவர் காதைத் தொட்டது. பயத்தில் எனக்கு எங்கிருந்தோ பலம் வந்தது. நாங்கள் தூக்க, அவர் ஆட்டி இழுக்க, சடக்கென்று கழன்று படங்கில் தொங்கியது.

"இறக்கிராதீங்க, என் வயிறு இருக்கு!" என்று கத்திக்கொண்டே அண்ணன் வெளியே உருண்டார்.

மூவருமாக அதைக் கரையேற்றினோம். அடுப்படியில் வைத்துத் துணியால் துடைத்த பிறகுதான் அண்ணன் தன் தலையைத் துவட்டினார்.

அடுத்த ஞாயிறு புது பிளேட்டோடு எல்லாவற்றையும் திரும்ப மாட்டினோம். மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு கார் முனகாமல் மேடேறியது. ஃபெக்டரி முன்னாலிருந்த சமதரையில் அண்ணன் இறங்கி, "நீ ஓட்டிப் பாரு" என்றார் என்னிடம்.

கிளச் பெடலை மிதித்தால் உள்ளே எது எதைவிட்டு விலகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கார் இரண்டு தடவை குதித்து நின்றது. மறுபடி ஸ்டார்ட் பண்ணினேன், ஓடியது. கணவரின் கை கடைசிவரை கதவுப்பிடியிலேயே இருந்தது.