பின்பக்கம் மலை

கனடாவின் பிறம்ரன் நகரில் ஒரு கிடங்கில் சித்தப்பாவோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவரின் தமையனுக்கு அல்பேர்ட்டாவில் மாட்டுப் பண்ணை இருந்தது. வேலைக்கு ஆள் தேவை, தங்க வீடும் தருவோம் என்று சொல்லி, அந்த இடத்தின் பழைய வரைபடம் ஒன்றையும் கொடுத்துவிட்டிருந்தார். மட்டக்களப்பில் மாட்டுப்பட்டியோடு வளர்ந்த சித்தப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"இங்க ஸ்காபரோக் குளிருக்கே மூண்டு ஜக்கெற் போடுற ஆள், மாடு மேய்க்கப் போறாராம்," என்றார் அம்மா.

எனக்கோ அவர் போயே ஆகவேண்டும். கோடை விடுமுறையில் என்னைக் கூப்பிட்டுக் குதிரையில் ஏற்றுவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

வரைபடத்தைத் தரையில் விரித்து, சுருளாமல் இருக்க மூலைகளில் மீன் அடைத்த தகர ரின்களை வைத்தோம். மண்ணிறக் கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி என்று பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் படித்திருந்தேன். விடுவேனா? முறிந்து முறிந்து போன நீலக்கோடு, கோடையில் வற்றும் ஓடை. சின்னக் காற்றாலைப் படம் போட்டிருந்த இடத்தில் கிணறு. ஓர் ஓடைக்கு 'செத்த குதிரை' என்றே பெயர் வைத்திருந்தார்கள். என் குதிரையை அந்தப் பக்கம் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். அவ்வளவு பெரிய தாளில் வீடு என்று இருந்தது ஒரேயொரு கறுப்புப் புள்ளி.

மாடு எங்கே மேயும், தண்ணீர் எங்கே குடிக்கும் என்று சித்தப்பா கேட்கவேயில்லை. அந்தப் புள்ளியில் விரலை வைத்தார்.

"பிள்ளை, இந்த வீட்டுக்கு எத்தினை பாதை வருது?"

"ஒண்டுதான், சித்தப்பா."

"பின்பக்கத்தால?"

அங்கே கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. "அது மலை. சுவர் மாதிரி ஸ்ரெயிற்றா நிக்குது. ஆடுகூட ஏறாது!" என்றேன் பெருமையாக.

சித்தப்பா ரின்களை எடுத்துவிட்டு வரைபடத்தை மடித்தார்.

"அப்ப சரிவராது."

குளிருக்குப் பயந்துவிட்டார் என்று அம்மா சிரித்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் வந்தன. ஒரு பாதைதான் என்றால் விருந்தாளிகள் வரமாட்டார்கள் என்று கவலைப்படுகிறாராக்கும், இன்னும் இரண்டு பாதையைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன்.

மேலே வெளிச்சமான அறை சும்மா கிடக்க, அவர் எங்கள் வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மன்ரில், வெளியே போகும் பக்கக் கதவோரம் படுத்ததும், அந்தக் கதவின் முன்னால் கழற்றிய ஒரு சப்பாத்தைக்கூட வைக்க விடாததும் எனக்கு வெறும் பிடிவாதமாகவே தெரிந்தன. பாதை என்றால் வீட்டுக்கு வருவதற்கு என்று மட்டும் நம்பிய வயது. ஊரில் அவரைச் சுடத் துவக்கோடு ஆட்கள் முன்வாசலுக்கு வந்தபோது பின்வேலி பாய்ந்து உயிர் தப்பியவர், ஒரு வீட்டில் முதலில் எதைத் தேடுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?